நான் கழுவிய மூலக்கூறு

அழுக்குப் போத்தலை விருந்தாளியின் முன்னே வைக்கிற வீட்டில் நான் பிறக்கவில்லை. நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம். நான் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தப் பந்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

என் தமையன் மகள் நிரோஜினி பல்கலைக்கழகத்தில் இரசாயன ஆராய்ச்சி செய்கிறாள். (நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். எனக்குத் தெரிந்த இரசாயனம் பால் திரைவது.) கோப்பாயில் எங்கள் கிணறு வெங்காயத் தோட்டத்தை ஒட்டியிருப்பதால், அவளுக்கு அந்தத் தண்ணீர்தான் வேண்டுமாம். அவள் 'சேர்' என்று கூப்பிடுகிற பேராசிரியரும் நேரில் வருகிறாராம்.

"என்ன பிள்ளை பார்க்கப் போறியள்?"

"நாங்களே கட்டின ஒரு மூலக்கூறு, மாமி. நடுவிலை ஒரு குழி இருக்கு. உரத்திலையிருந்து தண்ணிக்குள்ளை இறங்கிற நைத்திரேற்று அனயன், ஒரு சின்னத் துகள், வந்து அதுக்குள்ளை இருந்தால், மஞ்சள் நிறம் சிவப்பாகும்."

"வேறை ஏதும் வந்து இருந்தால்?"

"இருக்க விடாது. அப்பிடிச் செய்யத்தான் இவ்வளவு காலமும் அழுதனான். நாளைக்கு நிறம் மாறாட்டி, உந்த ஆராய்ச்சியை விட்டிட்டு வேறை தலைப்பு எடும் எண்டு சேர் சொல்லிப்போடுவார்."

விளங்கிவிட்டது. கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து இருக்கவென்று கதிரை பிடித்து வைத்து, மற்றவர்களைத் துரத்துகிற வேலை.

அதன்பிறகு எனக்கு நிம்மதியில்லை. சேர் கிணற்றடியில் வழுக்கி விழுந்தால்? வடை கல்லானால்? எங்கள் கிணறு பழுது என்று முடிவு வந்து ஊரே கதைத்தால்? (நான் கவலைப்படத் தொடங்கினால் எங்கள் நாய்கூடச் சாப்பிடாது.)

மறுநாள் சேர் எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற ஒழுங்கை தெரியாமல் றோட்டில் நின்றார். நிரோஜினி பையைக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், வைத்துவிட்டு அவரைக் கூட்டிவர ஓடினாள். நான் பைக்குள் எட்டிப் பார்த்தேன். வயர், பற்றறி, மினுங்குகிற வெளிச்சம் என்று ஒரு மெசினை எதிர்பார்த்திருந்தேன். இருந்ததோ சின்னக் கண்ணாடிப் போத்தல்கள். ஒவ்வொன்றின் அடியிலும் காய்ந்த மஞ்சள் கறை.

ஐயோ, பிள்ளை கழுவாமல் கொண்டுவந்துவிட்டதே! சவுக்காரத் தூள், சுடுதண்ணீர், ஈர்க்கிலில் சுற்றிய துணி. நம்புங்கள், அந்தக் கறை லேசில் போகவில்லை. ஒரு போத்தலின் மூடி மட்டும் இறுகிப்போய்த் திறக்கவேயில்லை. அதைச் சீனி போட்டு வைக்கிற தகரப் பேணிக்குப் பின்னால் ஒளித்தேன்.

சேர் வந்தார். வழுக்கவில்லை. வடையும் மெதுவாகவே இருந்தது. நிரோஜினி மட்டும் தட்டில் பளபளத்த போத்தல்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மாமி, உதுக்குள்ளை இருந்தது எங்கை?"

"ஊத்தைதான் இருந்தது. கழுவிப்போட்டன்."

"அதுதான் மாமி மூலக்கூறு!"

சேரின் வடை வாய்க்குப் போகாமல் பாதிவழியில் நின்றது. என் கணவர் பெருமையாக, "இவளிட்டை ஒரு கறையும் தப்பாது, சேர்" என்றார்.

நான் விடவில்லை. "ஒருத்தரையும் இருக்க விடாது எண்டாய். என்ரை ஈர்க்கிலைக் கண்டதும் அதுவெல்லோ எழும்பி ஓடிட்டுது?"

அவள் கண் கலங்கியது. அதைப் பார்க்க முடியாமல் சீனிப் பேணிக்குப் பின்னால் கையை விட்டேன். கணவர் குறடு கொண்டுவந்து அந்தப் போத்தலின் மூடியைத் திறந்தார். நிரோஜினி கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாள். மஞ்சள் கலங்கி, செம்பரத்தம் பூவாகச் சிவந்தது.

அவள் துள்ளினாள். "நல்லது, நிரோஜினி. உந்த ஆராய்ச்சியையே தொடர்ந்து செய்யும்" என்றார் சேர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் மெல்ல உறைத்தது.

"அப்ப எங்கடை கிணறு?"

"நைத்திரேற்று இருக்கு, மாமி. எவ்வளவெண்டு அளந்து சொல்லுறன். அதுவரைக்கும் குடிக்காதேங்கோ."

என் கிணற்றையா குறை சொல்கிறாள்? கழுவிய போத்தல்கள் எல்லாவற்றிலும் அதே தண்ணீரை ஊற்றினேன். ஒன்றும் சிவக்கவில்லை.

"பாருங்கோ சேர்! ஒண்டே ஒண்டுதான் பழுதெண்டு சொல்லுது. பெரும்பான்மையைப் பாருங்கோ!"

இன்று நாங்கள் வடிகட்டிய தண்ணீர்தான் குடிக்கிறோம். ஆனால், வீட்டில் நான் எந்த வாக்குவாதத்தில் தோற்றாலும் யாராவது ஒருவர், "பெரும்பான்மையைப் பாருங்கோ" என்பார்.

போன கிழமை நிரோஜினி தேத்தண்ணி குடித்த கோப்பையில் ஒரு காகிதத் துண்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தாள்: 'இது கறை அல்ல.'

துண்டோடு சேர்த்துக் கழுவிவிட்டேன்.