பேருந்தில் ஏறாமையின் புனித முனை

ஃபேர்லி தெரு முனையில் பதினேழாம் எண் பேருந்து நிற்பதை நகரப் போக்குவரத்துத் துறை ரத்து செய்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. கம்பத்தில் ஒட்டிய காகிதத்தில் காரணம், பயணிகள் குறைவு என்றிருந்தது. கம்பத்தையும் பிடுங்கிக்கொண்டு போன பிறகு பயணிகள் இன்னும் குறைந்தார்கள். துறையின் கணிப்பு சரியாகத்தான் போயிற்று.

ஆர்வெல்லா டிஸ்டேலுக்கு வயது எழுபத்தெட்டு. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வீட்டிலிருந்து அடுத்த நிறுத்தம் 1,940 தப்படி. போகும்போது இளைப்பாற இரண்டு இடத்தில் நிற்க வேண்டும், திரும்பும்போது ஐந்து. மருத்துவமனையில் கால் மணி நேரம் தாமதமானாலும் இயந்திரத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த வருடம் மட்டும் ஆறு முறை கொடுத்துவிட்டார்கள்.

அவர் அதிகம் பேசமாட்டார். ஷைலோ பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெள்ளைக் கையுறை போட்டு, வருகிறவர்களை இருக்கையில் அமர்த்தி, தலைகளை எண்ணிப் போதகரிடம் சீட்டுக் கொடுப்பது முப்பத்தொரு வருடமாக அவர் வேலை. அதே நிதானத்தோடு நகர மன்றத்துக்கு மனு எழுதினார். மனு ஒரே வரி: பேருந்து மறுபடியும் நிற்க வேண்டும். கீழே தொண்ணூற்றாறு கையெழுத்து.

நான்கு மாதம் கழித்து ஆள் வந்தது. வந்தது போக்குவரத்துத் துறையிலிருந்து அல்ல, வரலாற்று நியாய நினைவேந்தல் அலுவலகத்திலிருந்து. கெண்ட்ரல் மாஸ்பி என்ற இளம் அதிகாரி. ஆர்வெல்லாவைப் போல அவனும் கறுப்பினத்தவன்தான். பாட்டி வீடு இரண்டு தெரு தள்ளி இருந்ததாம். சமையலறையில் உட்கார்ந்து ஆர்வெல்லா வைத்த கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"மிஸ் ஆர்வெல்லா, உங்க மனுவைப் படிச்சு எங்க ஆபீஸே கலங்கிப்போச்சு."

"கலங்க வேணாம் கண்ணு. பஸ் நின்னா போதும்."

"1957-ல நம்ம ஜனங்க பஸ்ல ஏறமாட்டோம்னு நின்னது இந்த முனையிலதானே?"

"ஆமா. வெள்ளைக்காரங்க முன்னால, நாம பின்னால உக்காரணும்னு வச்சிருந்தாங்க. எட்டு மாசம் நடந்தோம். எனக்கு ஒம்பது வயசு."

அவன் கைக்குட்டையை எடுத்தான். "அப்பேர்ப்பட்ட இடத்துல பஸ் நின்னா என்ன ஆகும், யோசிச்சீங்களா?"

"நான் ஏறுவேன்."

"அதுதான் சிக்கல். நீங்க ஏறினா புறக்கணிப்பு உடைஞ்சிடுமே."

"அது அப்பவே ஜெயிச்சு முடிஞ்சுபோச்சுப்பா. ஜெயிச்சு, முன் சீட்ல உக்காந்துக்கிட்டு வந்தோம்."

"அப்படியும் பாக்கலாம்," என்றான் மாஸ்பி பெருந்தன்மையாக. "ஆனா வல்லுநர் குழு வேற மாதிரி பாக்குது."

வல்லுநர் குழுவின் தீர்மானம் அடுத்த வாரம் தபாலில் வந்தது. "மேற்படி முனையானது பேருந்தில் ஏறாமையால் புனிதமடைந்த இடமாதலின், மேற்படி ஏறாமைக்குக் குந்தகம் விளைவிக்கும் எந்தப் பேருந்தும் மேற்படி இடத்தில் நிற்கலாகாது. அன்று நடந்த முன்னோர்களின் பெயர்கள் வெண்கலப் பலகையில் பொறிக்கப்படும். சபையார் ஒப்புதல் அவசியம்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் அதை வாசித்தார். பேருந்தைப் பற்றிய பகுதியை ஒரே மூச்சில் படித்தார், வெண்கலத்தை நிறுத்தி நிறுத்திப் படித்தார். அதற்குப் பிறகு பேருந்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

"எங்கப்பா பேர் முதல் வரியில வரணும்," என்றார் மூப்பர் லூஷியஸ் காப்.

"உங்கப்பா எங்கே நடந்தாரு?" என்றது பாடகர் வரிசையிலிருந்து ஒரு குரல். "தினம் பால் வண்டியில தொத்திக்கிட்டுப் போனதை எங்கம்மா பாத்திருக்காங்க."

"வண்டி வரைக்கும் நடந்தாருல்ல?"

முக்கால் மணி நேரம் இப்படிப் போனது. பிறகு கை தூக்கச் சொன்னார்கள். எண்ண வேண்டியது ஆர்வெல்லாதான். நடைபாதையில் மெல்ல நடந்து எண்ணினார். இருநூற்றுப் பன்னிரண்டு. எதிர்ப்பதற்குக் கை தூக்கப்போகிறவர் ஒருவர்தான் என்பது அவருக்குத் தெரியும்.

அப்போது போதகர் பெயர்ப் பட்டியலை அவரிடம் நீட்டினார். நான்காம் வரியில் யூலா டிஸ்டேல் என்றிருந்தது. அம்மா. பகலெல்லாம் வெள்ளைக்காரர் வீட்டில் துணி தேய்த்துவிட்டு எட்டு மாதம் நடந்தே திரும்பியவள். அவள் பெயர் அதற்கு முன் அச்சில் வந்தது ஒரே ஒரு தடவை, அவளுடைய அடக்க ஆராதனைத் தாளில். ஆர்வெல்லா அந்த வரியை மூன்று முறை படித்தார். வெள்ளைக் கையுறை தானாக உயர்ந்தது. சீட்டில் இருநூற்றுப் பதிமூன்று என்று எழுதிக் கொடுத்தார்.

திறப்பு விழாவுக்கு மேயர் கோட்டின் மேல் ஆப்பிரிக்க நெசவுத் துண்டு போட்டுக்கொண்டு வந்தார். மன்ற உறுப்பினர்கள் ஒன்பது பேருக்கும் அதே துண்டு, ஒரே கடையில் வாங்கியது. எல்லோரும் மரியாதைக்கு ஒற்றைக் காலை மடக்கி முழந்தாளிட்டார்கள். மூன்று பேரைக் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. பலகை மிக அழகாக இருந்தது. ஆர்வெல்லா அம்மாவின் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அன்று சனிக்கிழமையாதலால், நடக்கத் தொடங்கினார்.

அடுத்த மாதம் முதல் பலகையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். அவர்களை நகர மன்றமே குளிரூட்டிய பேருந்தில் தினம் நான்கு நடை அழைத்து வந்தது. பேருந்து நின்றது ஃபேர்லி தெரு முனையில். ஆர்வெல்லா மாஸ்பிக்குத் தொலைபேசி செய்தார்.

"பஸ் நிக்கக் கூடாதுன்னீங்க. நிக்குதே கண்ணு?"

"அது பஸ் இல்லை, மிஸ் ஆர்வெல்லா. அது ஒரு அனுபவம்."

"அந்த அனுபவம் டயாலிசிஸ் பக்கமாத்தானே போகுது. நான் ஏறிக்கலாமா?"

"நீங்க ஏறிட்டா அவங்க எதைப் பாப்பாங்க?"

அவன் சொன்னது விளையாட்டுக்கில்லை என்பது செவ்வாய்க்கிழமை தெரிந்தது. ஆர்வெல்லா வீட்டை விட்டு இறங்கியதும் பேருந்து பின்னால் வந்தது. அவர் நடைக்குத் தக்கபடி ஊர்ந்தது, அவர் நின்றால் நின்றது. உள்ளே முப்பத்தொன்பது இருக்கை, பதினொன்று காலி. ஒலிபெருக்கியோடு முன்னால் நின்றவர் லூஷியஸ் காப். நகர மன்றம் அவரை வழிகாட்டியாக வேலைக்கு எடுத்திருந்தது.

ஒரு பெண் ஜன்னலைத் திறந்தாள். "எதுக்காகம்மா நடக்குறீங்க?"

"பஸ்ஸுக்காக."

உள்ளே கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"பாத்தீங்களா," என்றார் லூஷியஸ் ஒலிபெருக்கியில். "எழுபது வருஷமாகப்போகுது. நம்ம போராட்டம் இன்னும் உயிரோட இருக்கு."

"நானும் உயிரோட இருக்கணும்னுதான் போறேன் லூஷியஸ். மணி ஆகுது, கதவைத் திற."

லூஷியஸ் ஓட்டுநரைப் பார்த்தார். ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சிஸ்டர்," என்றார் லூஷியஸ், ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுத் தணிந்த குரலில். "கொஞ்சம் சோர்வா நடங்க. இவங்க ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க."