நாயைத் தோக்கடிச்சு நான் ஜெயிச்ச தேர்தல்

ஒரு பேப்பர்ல காலியா ஒரு கோடு போட்டிருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?

புத்தி உள்ளவங்க சும்மா விட்டுருவீங்க. நான் என் பேரை எழுதிட்டேன். கதையே அதுதாங்க.

அன்னைக்கு எனக்கு வேலை ரெண்டே ரெண்டு. தபால் ஓட்டை நிரப்பி டவுன்ஷிப் ஆபீஸ் வாசல்ல இருக்கற பெட்டியில போடணும். வர்ற வழியில தயிர் வாங்கணும்.

இந்த நாட்டுக்கு வந்து சிட்டிசன் ஆனதுக்கப்புறம் எனக்கு அதுதான் முதல் ஓட்டு. அதனால மரியாதையா குளிச்சு, நெத்திக்கு வெச்சு, டைனிங் டேபிளைத் துடைச்சுட்டு பரீட்சைக்கு உக்கார்ற மாதிரி உக்காந்தேன். எங்க வீட்டுக்காரர் ஒரு கையில தோசையை வெச்சுக்கிட்டே அவரோடதை முடிச்சு ஒட்டியே வெச்சுட்டார்.

சீட்டுன்னா அது சீட்டா? மளிகை லிஸ்ட்டு மாதிரி போய்க்கிட்டே இருக்கு. கவுண்டிக்கு ஒரு ஷெரிஃப். கவுண்டிக்கு ஒரு கிளார்க். யாராவது செத்தா உயிலைப் பாக்கறதுக்குன்னே ஒருத்தர், அவருக்கும் தேர்தல். அப்புறம் கவுண்டி கமிஷனருங்க, டவுன்ஷிப் கவுன்சில், ஸ்கூல் போர்டு. எங்க கிராமத்துல இத்தனை பேர் வேலையையும் ஒரே வி.ஏ.ஓ. பாத்துருவார். அதுவும் மத்தியானத்துக்கு மேலதான் வருவார்.

ஒவ்வொண்ணா படிச்சு, யோசிச்சு, வட்டத்தை அடைச்சுக்கிட்டே வந்தேன். கடைசியில ஃபயர் டிஸ்ட்ரிக்ட் கமிஷனர்னு போட்டிருக்கு. அதுக்கு நேரா ஒருத்தர் பேரும் இல்லை. காலியா ஒரு கோடு, பக்கத்துல ஒரு வட்டம்.

நான் படிச்சது கோபிச்செட்டிபாளையம் பக்கத்துல ஒரு கிராமத்து அரசுப் பள்ளிக்கூடம். எங்க கணக்கு வாத்தியார் ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னாடியும் ரெண்டு விஷயம் சொல்லுவார். எதையும் காலியா விட்டுட்டு வராதீங்க, அப்புறம் பேரு எழுத மறக்காதீங்க. பேரில்லாத பேப்பரை அவர் திருத்தக்கூட மாட்டார், அப்படியே ஜன்னல் வழியா விட்டுருவார்.

இந்தச் சீட்டுல மேல எங்கயுமே பேரு எழுத இடமில்லையேன்னு எனக்கு ஆரம்பத்துல இருந்தே ஒரு உறுத்தல். ஓஹோ, கடைசியில வெச்சிருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

இனிஷியலோட, கேப்பிட்டல் லெட்டர்ல எழுதினேன். வட்டத்தையும் நல்லா கருப்பா அடைச்சேன். பெட்டியில போட்டுட்டு தயிரும் வாங்கிட்டு வந்துட்டேன். அன்னைக்குச் செஞ்ச ரெண்டு வேலையில தயிர் மட்டும்தான் சரியா வந்துச்சு.

சில வாரம் கழிச்சு ஒரு போன். யாரோ ஒரு அம்மா, எடுத்தவுடனே கங்கிராஜுலேஷன்ஸ்ங்கறாங்க. முன்னப்பின்ன தெரியாதவங்க வாழ்த்து சொன்னா அடுத்து பேங்க் நம்பர்தான் கேப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? கட் பண்ணிட்டேன். மறுபடி வந்துச்சு. மறுபடி கட் பண்ணினேன். மூணாவது தடவை அவங்க வாய்ஸ்மெயில்ல நிதானமா பேசி வெச்சிருந்தாங்க. டவுன்ஷிப் ஆபீஸ்ல இருந்து பேசறாங்களாம். நான் ஃபயர் டிஸ்ட்ரிக்ட் கமிஷனரா ஜெயிச்சுட்டேனாம்.

திருப்பிக் கூப்பிட்டேன். ஒண்ணும் தப்பில்லைங்களே, வேற யாரோ கோகிலாவா இருக்கப் போறாங்கன்னு கேட்டேன். அவங்க பொறுமையா விளக்கினாங்க. அந்தப் பதவிக்கு யாருமே நிக்கலையாம். யாரும் நிக்கலைன்னா, அந்தக் கோட்டுல யார் பேரை அதிகம் பேர் எழுதறாங்களோ அவங்கதான் கமிஷனராம். எல்லாரும் காலியா விட்டுட்டாங்களாம். எழுதினது ரெண்டே பேர். ஒருத்தர் கோகிலான்னு எழுதியிருக்கார். இன்னொருத்தர் தன் நாய் பேரை எழுதியிருக்கார்.

ஆளுக்கு ஒரு ஓட்டு. நாய்க்கு வோட்டர் லிஸ்ட்ல பேரு இல்லாததால நான் ஜெயிச்சேன்.

எங்க வீட்டுக்காரர் சிரிச்ச சிரிப்புல குழந்தை எந்திரிச்சு வந்துட்டா. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோபம்.

"ஒரே ஒரு ஓட்டுன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கும். கட்டின புருஷனே போடலைன்னு பேசமாட்டாங்களாங்க?"

"நீ நிக்கறேன்னு எனக்குத் தெரியாதேம்மா."

"எனக்கு மட்டும் தெரியுமா?"

வேண்டாம்னு சொல்லிடலாம்னு மறுநாளே போன் போட்டேன். தாராளமா சொல்லலாமாம். ஆனா சின்ன சிக்கலாம். ஃபயர் ஸ்டேஷனை நடத்தற அந்த போர்டுல அஞ்சு நாற்காலி. நான் இல்லைன்னா மிச்சம் நாலு. இந்த ஊர்ல ரெண்டு ஃபயர் டிஸ்ட்ரிக்ட் இருக்கு, அதை ஒண்ணாக்கலாமா வேண்டாமான்னு அந்த நாலு பேரும் ரெண்டுக்கு ரெண்டா நின்னு, வருஷக்கணக்கா முட்டிக்கிட்டு இருக்காங்களாம். ஒரே ஒரு மீட்டிங் மட்டும் வந்து ஒரு பக்கம் கை தூக்கிட்டு ராஜினாமா பண்ணிக்கோங்கன்னு அந்தம்மா கெஞ்சாத குறையா சொன்னாங்க.

இதைக் கேட்டதும் எனக்குள்ள ஒரு உற்சாகம் வந்துருச்சு. ஏன்னா இந்த விஷயத்துல எனக்கு ஏற்கெனவே வாய் ஜாஸ்தி.

அதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஒரு நாள் இட்லிப் பொடிக்கு மிளகாய் வறுத்தேன். நெடி தாங்காம புகை அலாரம் கத்தி, தகவல் தானா ஃபயர் ஸ்டேஷனுக்குப் போயிருச்சு. ரெண்டு பக்கத்துல இருந்தும் ரெண்டு ஃபயர் இன்ஜின் வந்து நின்னுச்சு. எங்க தெருவோட நடுவுல போற மஞ்சக் கோடுதான் ரெண்டு டிஸ்ட்ரிக்டுக்கும் எல்லை. நாங்க இந்தப் பக்கம், எதிர்வீடு அந்தப் பக்கம். வந்தவங்க எல்லாரும் இருமிக்கிட்டே இது யார் மிளகாய்னு பேசி முடிக்கறதுக்குள்ள நான் பொடியை அரைச்சு டப்பாவுல போட்டுட்டேன்.

அதுல இருந்து, ஆளுக்கொரு அயிட்டம் சமைச்சு எடுத்துட்டுப் போற பாட்லக் விருந்துல எல்லாம் எனக்கு இதே பேச்சு. தக்கனூண்டு ஊருக்கு ரெண்டு போர்டு, ரெண்டு வக்கீல், ரெண்டு ஆடிட்டர், ரெண்டு ஏணி வண்டி. ஊர்லயே உசரமான கட்டடம் மூணு மாடி. இதெல்லாம் நம்ம டாக்ஸுன்னு சொல்லிக்கிட்டே திரிவேன்.

இப்போ என் கையிலயே ஓட்டு. போறேன், ஒண்ணாக்கறேன், ராஜினாமா பண்றேன், சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்றேன். என் பதவியை நானே ஒழிச்சேன்னு பேரும் கிடைக்கும்.

மீட்டிங் அன்னைக்கு வீட்டுக்காரருக்கு ஆபீஸ் கால். அதனால அஞ்சு வயசுப் பொண்ணு யாழினியையும் இழுத்துக்கிட்டு ஃபயர் ஸ்டேஷனுக்குப் போனேன்.

வாசல்லயே எங்களை வரவேத்தது ஃபிராங்க். போர்டு சேர்மன். பிளம்பரா இருந்து ரிட்டயர் ஆனவர். இடுப்புல ஒரு பெரிய சாவிக்கொத்து. ஸ்டேஷன் ஹாலை வாடகைக்கு விடறது, திறக்கறது, பூட்டறது எல்லாம் அவர்தான். யாழினியைத் தூக்கி இன்ஜின்ல உக்கார வெச்சு, தலையில ஒரு சிவப்பு பிளாஸ்டிக் தொப்பியை மாட்டி விட்டார். அவ அப்பவே அவர் கட்சியில சேந்துட்டா.

மீட்டிங்ல முதல்ல பேசினது டெபி. அந்தம்மா கணக்கு டீச்சரா இருந்தவங்க, மெர்ஜ் பண்ணணும்ங்கற பக்கம். நான் பாட்லக்ல பேசினதை எல்லாம் அவங்க அழகான இங்கிலீஷ்ல பேசினாங்க. நான் தலையாட்டிக்கிட்டே இருந்தேன்.

ஃபிராங்க் வேண்டாம்ங்கற பக்கம். பெருசா வாதமெல்லாம் பண்ணலை. ஒண்ணாயிட்டா ஆபீஸ் அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போயிரும், இந்த ஹாலை யார் பாத்துக்குவாங்கன்னு மட்டும் கேட்டார். கேக்கும்போது கை சாவிக்கொத்து மேலயே இருந்துச்சு.

எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்கே. எந்திரிச்சு நின்னு, ஒரே வேலைக்கு ரெண்டு அமைப்பு இருக்கறது வெட்டிச் செலவு, எங்க ஊர்ல நாங்க இப்படியெல்லாம் பண்றதில்லைன்னு ஒரு போடு போட்டேன்.

அங்கதாங்க நான் நிறுத்தியிருக்கணும்.

ஃபிராங்க் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, தனக்கு ஒரு சந்தேகம்னார். வருஷா வருஷம் ஜனவரியில உங்க ஆளுங்க இந்த ஹாலை புக் பண்றாங்க. வாசல்ல கரும்பு கட்டறாங்க, பானையில பால் பொங்க விடறாங்க, எல்லாரும் சேந்து கத்தறாங்க. முதல் வருஷம் அது தெரியாம நான் தீயணைக்கிற சிலிண்டரைத் தூக்கிட்டு ஓடி வந்தேன். அதுக்கு அடுத்த சனிக்கிழமை இன்னொரு கூட்டம் வந்து அதே கரும்பு, அதே பானை, அதே சத்தம். அது என்ன, ரெண்டு பண்டிகையான்னு கேட்டார்.



இந்த ஊர்ல ரெண்டு தமிழ்ச் சங்கம். முன்னாடி ஒண்ணாதான் இருந்துச்சு. ஒரு பொங்கல் விழாவுல நேரம் ஆயிருச்சுன்னு ஒரு பையனோட கீபோர்டு வாசிப்பைப் பாதியில நிறுத்திட்டாங்க. அவங்கப்பா மைக்கைப் புடுங்க, சங்கம் ரெண்டாப் போச்சு. அந்தப் பையன் இப்போ கீபோர்டையே தொடறதில்லை. சங்கம் மட்டும் ரெண்டாவே இருக்கு. ரெண்டு தலைவர், ரெண்டு செயலாளர், ரெண்டு பொருளாளர். அதுல ஒரு சங்கத்துக்குக் கலாச்சாரச் செயலாளர் யாருன்னு நெனக்கறீங்க?

நானேதான்.

இதையெல்லாம் அங்க எப்படிச் சொல்றது? அது வந்துங்க, ரெண்டும் வேற வேற அமைப்பு, நோக்கம் வேற, பாரம்பரியம் வேறன்னு ஏதேதோ சொன்னேன். என்ன வித்தியாசம்னு டெபி கேட்டாங்க. என் கட்சிக்காரங்களே கேட்டா என்னங்க பண்றது? நாங்க சக்கரைப் பொங்கல்ல முந்திரி அதிகம் போடுவோம்னு சொன்னேன். சத்தியமா அதுதான் வாயில வந்துச்சு.

அப்போ இன்ஜின் பக்கமிருந்து யாழினி, தொப்பியோட வந்து நின்னா. "ஒன் இஸ் அவர் பொங்கல். தி அதர் ஒன் இஸ் தெய்ர் பொங்கல். வி டோன்ட் டாக் டு தெம்."

ஃபிராங்க் சிரிக்கலை, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. ஓட்டுக்குப் போலாமான்னு மட்டும் கேட்டார்.

வேண்டாம்னு கை தூக்கிட்டு மரியாதையா வீட்டுக்குப் போயிரலாம்னு ஒரு யோசனை. ஆனா மறுபடியும் மிளகாய் வறுக்கணும், மறுபடியும் ரெண்டு வண்டி வரும்.

"எங்களது தப்புதான், ஃபிராங்க். அதுக்காக உங்களது சரின்னு ஆயிராது" அப்படின்னு சொல்லிட்டு, ஒண்ணாக்கணும்னு கை தூக்கினேன். ஆனா ஒரு கண்டிஷன் போட்டேன். ஆபீஸ் எங்க வேணா போகட்டும், இந்த ஹால் சாவியும் புக்கிங்கும் ஃபிராங்க்கிட்டதான் இருக்கணும். டெபியே முதல் ஆளா சரின்னாங்க. அதையும் தீர்மானத்துல எழுதினாங்க.

ரெண்டு போர்டும் ஒத்துக்கிட்டு, டவுன்ஷிப்பும் சம்மதிச்சு, வருஷக் கடைசியில ரெண்டு டிஸ்ட்ரிக்டும் ஒண்ணாச்சு. ஃபிராங்க்கோட சேர்மன் பதவி போச்சு. என் பதவியும் போச்சு. நான் ராஜினாமா பண்ண வேண்டியே வரலை, நாற்காலியே இல்லை.

மீட்டிங் முடிஞ்ச அன்னைக்கே கார் வரைக்கும் கூட வந்தார் ஃபிராங்க். என் வேலையை நீ முடிச்சுட்ட, இப்போ உன் வேலையை நீ முடின்னார். அடுத்த ஜனவரியில எனக்கு ஒரே புக்கிங் வரணும்னார். நானும் வீறாப்பா, கண்டிப்பா வரும்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

சொன்ன சொல்லைக் காப்பாத்த நாயா அலைஞ்சேங்க. ரெண்டு சங்கத்து ஆளுங்களையும் எங்க வீட்டுக்குக் கூப்பிட்டு பிரியாணி போட்டேன். வாழை இலை வாங்க, நம்மூர்க் கடைங்க இருக்கற எடிசனுக்கும் வீட்டுக்குமா கார் ஓட்டினேன். பழசை மறந்துருவோம், ஒரே ஊரு, ஒரே பொங்கல்னு பேசினேன். பாதிப் பேருக்குக் கண்ணே கலங்கிருச்சு. கைதட்டி ஒத்துக்கிட்டாங்க.

பாதிப் பேரு.

ஒத்துக்கிட்டவங்க எல்லாம் சேந்து புதுசா ஒருங்கிணைந்த தமிழ்ச் சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. இந்தப் பக்கம் ஒத்துக்காதவங்க பழைய சங்கத்தை அப்படியே வெச்சுக்கிட்டாங்க. அந்தப் பக்கம் ஒத்துக்காதவங்களும் அவங்களோடதை வெச்சுக்கிட்டாங்க. புதுச் சங்கத்துக்குப் பொருளாளரா நிக்க யாரும் முன்வரலை. இந்தத் தடவை நான் எந்தக் கோட்டுலயும் பேரு எழுதலைங்க. அவங்களே என் பேரை எழுதிக்கிட்டாங்க.

பிள்ளையாரைக் கும்பிட்டுட்டு, ஹால் புக் பண்ண ஃபிராங்க்குக்கு போன் போட்டேன். என் குரலைக் கேட்டதும் மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரே சனிக்கிழமைதானேன்னார்.

முதல் சனிக்கிழமை அவங்களுக்கு, ரெண்டாவது சனிக்கிழமை இவங்களுக்கு, நடுவுல வர்ற ஞாயித்துக்கிழமை எங்களுக்குன்னேன்.

போன்ல சாவிக்கொத்து சத்தம் மட்டும் கேட்டுச்சு.

அப்புறம் மெதுவா சொன்னார்: "கோகிலா, உன்கிட்ட ஒரே ஒரு உதவி கேக்கறேன். தயவுசெஞ்சு இனிமே எதையும் ஒண்ணாக்காதே."