இறக்கி வைக்கப்பட்ட சிகரம்

சாந்தன்பாறைக்கு மேலே இருக்கும் கருங்காணிமுடி மிகவும் செங்குத்தான மலை. போன மழைக்காலத்தில் அதன் உச்சியில் ஒருவர் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். உடனே மலையேற்றச் சமிதி கூடி, பொதுமக்களின் பாதுகாப்பைக் கருதிச் சிகரத்தைக் கீழே இறக்கியது. மலையை வெட்டவில்லை. 'சிகரம்' என்ற பலகையைப் பிடுங்கி வந்து முக்கால் மலையில் நட்டார்கள். அதற்கு மேல் எதுவும் இல்லை என்று தீர்மானமும் போட்டார்கள்.

கல்பாத்தி சுப்பராமன் தணிக்கை அலுவலகத்தில் சூப்பிரண்ட். மனைவி பர்வதத்தோடு மலையேற வந்திருந்தார். கூட்டம் மூச்சு வாங்கியபடி பலகையை அடைந்தது, கைதட்டியது, பலகையைக் கட்டிக்கொண்டு படமெடுத்தது.

"ஏன்னா, மேல இன்னும் மலை இருக்கே, அது என்னதாக்கும்?" என்றாள் பர்வதம்.

"அது முந்தி சிகரமா இருந்துச்சும்மா. இப்ப ஒண்ணுமில்ல" என்றாள் வழிகாட்டி அழகுத்தாய்.

பர்வதம் அந்த ஒன்றுமில்லாததன் மேல் விறுவிறுவென்று ஏறிவிட்டாள். உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும்போது கால் பிசகியது. "ஏன்னா! ஒரு அடி எடுத்து வெக்க முடியலை!" என்று பாறையிடுக்கிலிருந்து கத்தினாள். மூடுபனி வேறு இறங்கத் தொடங்கியது.

அழகுத்தாய், மலையாளம் கலந்து பேசும் சமிதி ஆபீசர் சுவக்கீனுக்குப் போன் போட்டாள். "சார், சிகரத்துக்கு மேல ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்க."

"சிகரத்துக்கு மேலே ஆகாசமல்லே? ஆகாசம் நம்ம டிபார்ட்மெண்ட் இல்லை. நீ சிகரத்தைத் தாண்டினால் சஸ்பென்ஷன்."

சுப்பராமன் போனருகே வந்தார். தணிக்கை மூளை வேலை செய்தது. "பலகையைப் பிடுங்கிக் கையில வெச்சுண்டு ஏறும்மா. நீ நிக்கற இடமெல்லாம் சிகரம்தானே? தாண்டினதா ஆகாது."

போனில் கேட்டுக்கொண்டிருந்த ஆபீசர் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "அதில் சட்டவிரோதம் ஒண்ணும் காணலை" என்றார்.

"அப்ப எங்க போட்டோவெல்லாம் என்னாகும்? ஸ்டேட்டஸ் போட்டாச்சு சார்!" என்று கூட்டம் கொதித்தது. பலகை நகர்வதற்கு முன் எடுத்த படங்கள் செல்லும் என்று சுப்பராமன் விளக்கியபிறகே வழிவிட்டது.

அழகுத்தாயின் தோளில் சிகரம் மெல்ல உயர்ந்தது. பர்வதத்தின் தலைக்கு மேலே அதை நட்டாள். பர்வதம் இப்போது சிகரத்துக்குக் கீழே, சமிதியின் எல்லைக்குள். அழகுத்தாய் அவளை முதுகில் சுமந்து இறக்கினாள்.

அடிவாரத்தில் சுவக்கீன் எல்லோருக்கும் பதக்கம் அணிவித்தார். பர்வதத்திடம் வந்ததும் தாண்டிப் போனார். "இவங்க பலகைக்குக் கீழேயல்லே இருந்தாங்க? சிகரம் தொடலை."

"நான் உச்சியையே தொட்டேன்! ஏன்னா, நீங்க சொல்லுங்கோளேன்!"

சுப்பராமன் தன் பதக்கத்தை நேராக்கிக்கொண்டார். "அவர் சொல்றதுதான் சரி, பர்வதம். கிட்டக்க வரைக்கும் வந்துட்டே. அடுத்த வருஷம் நன்னா பயிற்சி எடுத்துண்டு வா, எங்களை மாதிரி ஏறிடலாம்."

அவளை உற்சாகப்படுத்தக் கூட்டம் முழுவதும் கைதட்டியது.