ஆசிரியர் மாமா எங்கள் குப்பத்துக்கு வருமுன் யோசிக்க வேண்டியவை

மணல்திட்டுக்குப்பம்,
எண்ணூர் முகத்துவாரத்துக்கு அக்கரை.
3.5.2002, இரவு.

பெருமதிப்பிற்குரிய ‘வண்ணத்தும்பி’ ஆசிரியர் மாமா அவர்களுக்கு,

எட்டாம் வகுப்பு அன்புக்கரசி நடுங்கிக்கொண்டே வணக்கம் சொல்லி எழுதுவது. நீங்களும் அத்தையும் அங்கே நலமாக இருக்கவும், முக்கியமாக அங்கேயே இருக்கவும் எல்லையம்மனை வேண்டுகிறேன்.

எங்கள் குப்பத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை அச்சில் போட்டதற்கு நன்றி. பரிசாகப் பேனா அனுப்பியதற்கும் நன்றி; எல்லோரும் தூங்கிய பிறகு அதில்தான் இதை எழுதுகிறேன். ஆனால், ‘பதினெட்டாம் தேதி வந்து உன் வீட்டு மாடி அறையில் இரண்டு நாள் தங்குகிறோம், நாங்கள் சைவம், ஊருக்குக் கொடுக்க இருபது பிரதிகள் கொண்டுவருகிறோம்’ என்று கார்டு போட்டீர்களே, அதற்கு மட்டும் நன்றி சொல்ல முடியவில்லை. தயவுசெய்து வராதீர்கள். வந்தாலும் அந்த இருபதைக் கொண்டுவராதீர்கள். எங்கள் ஊர்த் தலைவர் கோதண்டம் பன்னிரண்டு வருடமாகத் தண்ணீரில் இறங்கவில்லை, படகில் கால் வைத்தாலே வாந்தி எடுப்பார், கரையில் நின்றுகொண்டு எல்லோருக்கும் வலை வீசச் சொல்லிக்கொடுப்பார் என்று கடைசிப் பத்தியில் எழுதியிருந்தேன். வண்ணத்தும்பி ஆற்றைத் தாண்டி வராது என்கிற தைரியத்தில் எழுதியது. ஆற்றில் மீன் பிடிக்க இங்கே வீட்டுக்கு வீடு முறை உண்டு, அதைப் பாடு என்போம். யாருக்கு எந்த நாள் என்று தலைவர்தான் சீட்டுக் குலுக்கிச் சொல்வார். போன வருடம் ஒருவர் அவரைக் “கரை கேப்டன்” என்று கூப்பிட்டுச் சிரித்ததில் ஒரு மாதப் பாடு போயிற்று. இப்போது இறால் காலம். என் அப்பா ராசையாவுக்கு இருபதாம் தேதி பாடு தொடங்குகிறது. என்னால் அது போனால் அப்பா அடிக்க மாட்டார். ஒன்றும் பேசாமல் வலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதுதான் எனக்குப் பயம்.

அதனால் கட்டுரையில் விட்டுப்போனவற்றைச் சொல்லிவிடுகிறேன், நீங்களே யோசியுங்கள். எண்ணூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கள் ஊர் என்று எழுதியிருந்தேன், இறங்கியதும் வருவது கருவாட்டு வாசனைதான், ஊர் வர அரைமணி நடக்க வேண்டும், பிறகு படகு, தண்ணீர் வற்றியிருந்தால் அது பாதியில் தரை தட்டிவிடும், மீதியை முழங்கால் சேற்றில் நடக்க வேண்டும், எங்கள் கணக்கு டீச்சரின் இடது கால் செருப்பு இரண்டு வருடமாக அந்தச் சேற்றில்தான் இருக்கிறது, வலது காலுடையதை அவரே கோபத்தில் வீசிவிட்டார். மாடி அறை என்று நான் எழுதியது வலை போட்டு வைக்கிற பரண், அதற்கு ஏணி கிடையாது, அப்பாவின் தோளில் மிதித்துத்தான் ஏறுவோம், அத்தை எத்தனை கிலோ என்று கேட்பது மரியாதை இல்லை என்பதால் கேட்கவில்லை. இரவில் வானத்தில் தாழ்வாகச் சிவப்பு நட்சத்திரங்கள் மின்னும் என்றது அனல் மின் நிலையப் புகைபோக்கியின் விளக்கு. குடிதண்ணீர் டிரம்மில் படகேறி வரும், காற்று அடித்தால் வராது. கக்கூஸ் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது, விடியுமுன் எழுந்திருக்கும் பழக்கம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கெல்லாம் அசர மாட்டீர்கள் என்றால் சாப்பாட்டுக் கதையைக் கேளுங்கள். எங்கள் ஊர்த் தபாலை ஐஸ் கொண்டுவரும் அமீருதீன் பாயிடம்தான் கொடுத்து அனுப்புவார்கள். அவர் உங்கள் கார்டைப் படகிலிருந்து இறங்கும்போதே சத்தமாகப் படித்துவிட்டார். உடனே எங்க வூட்டுலதான் துண்ணணும், எங்க வூட்டுலதான் துண்ணணும் என்று ஊரே சண்டை.

“இன்னாத்துக்கு அடிச்சிக்கிறீங்க? மீனுக்குப் பாடு கீதுல்ல? விருந்தாளிக்கும் போட்டுட்டா பேஜாரே இல்ல!” என்றார் தலைவர். அங்கேயே சீட்டுக் குலுக்கினார். முப்பத்தெட்டு வீடு, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பன்னிரண்டு நாளும் இரண்டு வேளையும் ஆகிறது. ஒரு வீட்டை விட்டாலும் பஞ்சாயத்துதான்.

“தலைவரே, அவுங்க ரெண்டு நாளுன்னுதான் எய்திக்கிறாங்க” என்றார் அப்பா.

“எய்துவாங்க நைனா. படகு நம்மகிட்டதான கீது?”

“சைவம்னு வேற போட்டுக்குது” என்றார் பாய்.

தலைவர் கொஞ்சம் யோசித்தார். “எறா மீனா? இல்லல்ல. அப்பறம் இன்னா?”

முப்பத்தெட்டு வீட்டிலும் சைவம் தயார், மாமா.

ஆகவே உங்களுக்குக் காய்ச்சல் என்றோ, அத்தைக்குக் கால் சுளுக்கு என்றோ ஒரு கார்டு போட்டுவிடுங்கள். ஆனால் நிஜமாக உங்களுக்கு ஒன்றும் வரக்கூடாது. அத்தைக்கு என் வணக்கம். அச்சுக் கோக்கும் அண்ணன்களுக்கும் வணக்கம், என் கடைசிப் பத்தியை அவர்கள் மறந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
பரிசு பெற்றதற்கு வருந்தும்
ரா. அன்புக்கரசி

பி.கு.: காலையில் இதைப் பாயிடம் கொடுக்கக் கரைக்குப் போனேன். அவர் மகள் ரூஹி ராயபுரத்தில் வண்ணத்தும்பி வாங்குகிறாளாம். பாய் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கடைசிப் பத்தியைத் தலைவருக்கே படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அப்பா. தலைவர் இன்னொரு தபா படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“எம்பேரு அச்சுலயே வந்துக்குதா? கொயந்த பொய் சொல்லல. ஆனா அதெல்லாம் அப்போ. ராசையா, பதினெட்டாந்தேதி உன் படகக் குடு. அந்த ஆசிரியர நானே துடுப்பு போட்டு இட்டாறேன். பாத்துட்டு அவரே எய்தட்டும். அவரு வந்தா உன் பாடு உனக்கு. வரலன்னா, உன் பொண்ணு எய்தினது அப்டியே நின்னுடும். அப்பறம் பாட்டப் பத்தி யோசிக்கணும்.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வலையைப் பார்த்தார்.

எனவே மாமா, மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கட்டாயம் வாருங்கள். அத்தையையும் அழைத்து வாருங்கள். சேறு, பரண், இறால் எதையும் யோசிக்காதீர்கள். சற்று முன் தலைவர் ஒத்திகைக்காக முளையில் கட்டியிருந்த படகில் ஏறி உட்கார்ந்தார். கயிற்றை அவிழ்ப்பதற்குள் இரண்டு தபா வாந்தி எடுத்துவிட்டார். அதனால் ஒன்றே ஒன்றை மட்டும் யோசித்து வையுங்கள்: உங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியும்தானே?