குரோருட் சலவையறைச் சுவர் வென்ற கதை

குரோருட், ஒஸ்லோ
வைகாசிக் கடைசி

என்றும் மதிப்புக்குரிய வின்சென்ற் அத்தானுக்கு,

ஆண்டவருக்குத் தோத்திரம். நாங்கள் இங்கே சுகம். நீங்களும் அக்காவும் அந்த வடக்குக் கோடி ஹம்மர்பெஸ்டில் முழங்கால் நோ, மூச்சு முட்டு ஒன்றுமில்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். தொலைபேசியில் நான் ஒரு வசனத்தைத் தொடங்கினால் நீங்கள் முடித்துவிடுவீர்கள். கடிதத்தில் தொடங்குவதும் நான், முடிப்பதும் நான்.

போன வருடம் இங்கே பேரன் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய விருந்தில், எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் சோலர் பனல் போடப்போகிறோம் என்று நான் சொன்னதும், நீங்கள் கோழிக்காலைக் கீழே வைத்துவிட்டு, "நாயகி, நோர்வேயிலை சூரியனை நம்பிறது மீன் பெட்டிக்கை கைவிட்டு மாம்பழம் தேடுற மாதிரி" என்றீர்கள். மேசை முழுக்கச் சிரித்தது. என் வீட்டுக்காரர் ஞானரட்ணமும் சிரித்தார். அன்று அவருக்கு நான் சோறு போடவில்லை. அவரே போட்டு, வழமையைவிடக் கூடவே சாப்பிட்டார்.

அந்தச் சூட்டோடுதான் நான் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். நிர்வாக சபையில் இருக்கும் ஒரே தமிழ் ஆள் நான். தலைவர் ஓலாவ் நல்ல மனிசன், ஆனால் எதைச் சொன்னாலும் முதலில் தலையை இடம் வலமாக ஆட்டுகிறவர். மூன்றாம் மாடி ஸ்ரீதரன், எங்கள் ஊர்ப் பிள்ளைதான், அவர் எழும்பி, "அக்கா, ஆறு மாசம் இருட்டு, மிச்சம் மழை. எப்ப கரண்ட் வரும்?" என்று கேட்டார். அத்தான், எனக்கு உங்கள் முகம்தான் தெரிந்தது. "ஒரு பனிக்காலம் போட்டுப் பாப்பம். சரிவராட்டி அடுத்த கூட்டத்திலை பனலையும் கழட்டுங்கோ, என்னையும் சபையிலை இருந்து கழட்டுங்கோ" என்று சொல்லிவிட்டேன். ஓலாவ் அன்று முதல் தடவையாகத் தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

முற்றத்தில் இருக்கிற பொதுச் சலவையறையில் பரீட்சித்துப் பார்ப்பதென்று முடிவானது. ஓலாவ் எல்லாப் பனலையும் கூரையில் படுக்க வைக்கச் சொன்னார். நான் விடவில்லை. "இஞ்சை சூரியன் தலைக்கு மேலை ஏறாது, முகத்துக்கு நேரை நிக்கும். அப்ப பனலும் எழும்பி நிக்கவேணும்" என்றேன். கடைசியில் பாதி கூரையில், பாதி தெற்குச் சுவரில் நிமிர்த்திப் பூட்டினார்கள். எவ்வளவு கரண்ட் வருகிறது என்று காட்டுகிற சின்னத் திரை ஒன்றைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அங்கேதான் என் கஷ்டகாலம் தொடங்கியது, ஏனென்றால் உடுப்புத் தோய்க்க வருகிற எல்லாரும் முதலில் அந்தத் திரையைப் பார்த்து, அடுத்ததாக என்னைப் பார்த்தார்கள்.

மார்கழியில் அது உறங்கியது உண்மை. மறைக்கமாட்டேன். வெளிச்சமே இல்லாதபோது அது என்ன செய்யும்? மார்கழியில் நீங்களும் பகல் முழுக்கப் படுத்திருந்ததாக அக்கா சொன்னா, உங்களை யாரும் கழற்றவில்லையே. ஆனால் ஸ்ரீதரனுக்கு அது பெருநாள். "அக்கா, இண்டைக்கு ஒரு தேத்தண்ணி கொதிக்குமோ, இல்லாட்டிச் சுடுதண்ணியோடை சரியோ?" எனக்கு 'இருட்டு அக்கா' என்று பெயர் வைத்ததும் அவர்தான் என்று கேள்வி. தேவாலய வாசலிலேயே அந்தப் பெயர் எனக்கு முன்னால் வந்து நின்றது.

தை மாதம் பனி கொட்டி, கூரைப் பனல்கள் வெள்ளைப் போர்வைக்குள் போய்விட்டன. என் வீட்டுக்காரருக்கு என்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்தால் இந்த மனிசன் ஏணி தேடுகிறவர். என் விளக்குமாற்றோடு ஏறி, ஒரு மூலையைத்தான் தட்டினார். பனல் கண்ணாடி போல வழுக்கும் என்பது பனிக்குத் தெரிந்திருந்தது, இவருக்குத் தெரியவில்லை. முழுப் பனியும் ஒரேயடியாக வழுக்க, அதன்மேல் இருந்தபடி இவரும் வந்து, கீழே குவிந்திருந்த பனிக்குள் இடுப்பளவு இறங்கினார். அந்த நேரம் பார்த்து நாயோடு வந்த ஓலாவ், தன் தலையிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, "ஞானரட்ணம், கதவாலையும் வரலாம்" என்றார். நாய் இவருடைய முகத்தை நக்கியது. இவருக்குக் கீறல்கூட இல்லை, ஒரு சப்பாத்து மட்டும் போய்விட்டது. அது சித்திரை மாதம் பனி உருகத்தான் கிடைத்தது. ஆனால் ஒன்று பாருங்கள் அத்தான்: அவ்வளவு பனி கொட்டியும் நிமிர்ந்து நின்ற என் சுவர்ப் பனல்களில் ஒரு பொட்டுப் பனி தங்கவில்லை!

இருந்தாலும் சபையில் பனலை நேரத்தோடு கழற்றிவிடலாம் என்ற பேச்சு வந்தது. மகள் ஜெனுஷா, "அம்மா, நீங்களாவே விலகுங்கோ, மரியாதையா இருக்கும்" என்றாள். அன்று குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். இத்தனை வருடம் இந்த நாட்டில் மற்றவர்களுடைய தரையைத் துடைத்து, பிறகு முதியோர் இல்லத்தில் வேலை செய்து, கடைசியில்தான் ஒரு மேசையில் எனக்கென்று ஒரு கதிரை கிடைத்தது. அதை நானே உதைத்து விழுத்திவிட்டேனே என்று நெஞ்சு வெந்தது.

பிறகு பங்குனி வந்தது. வானம் நீலம், மைனஸ் குளிர், நிலமெல்லாம் வெள்ளை. காலையில் உடுப்புக் கூடையோடு போன ஸ்ரீதரன் மூச்சிரைக்க வந்து என் கதவைத் தட்டினார். "அக்கா, உங்கடை திரை பழுதாப் போச்சு! நம்பர் நிக்காமல் ஏறுது!" நான் செருப்போடே ஓடினேன். முன்னால் சூரியன் நேராக அடிக்கிறான், கீழே பனி அந்த வெளிச்சத்தை வாங்கித் திரும்பவும் சுவரில் எறிகிறது. பனல் பூட்டின கொம்பனிப் பெடியனைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவன் பார்த்துவிட்டுச் சிரித்தான். பழுது ஒன்றுமில்லையாம். பனலுக்கு வேண்டியது வெளிச்சமாம், சூடு இல்லையாம். சூடு ஏற ஏற அது சோர்ந்துவிடுமாம், குளிரில்தான் தெம்பாக வேலை செய்யுமாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது, என் வீட்டுக்காரரும் அப்படித்தானே. யாழ்ப்பாணத்து வெயிலில் மாமரத்தடியில் படுத்தவர், இஞ்சை வந்துதான் எழும்பி வேலைக்குப் போனவர்!

போன கிழமை ஆண்டுக் கூட்டம். நான் எழும்பி, பங்குனி மாதக் குளிர்நாளில் வந்த உச்சக் கணக்கையும், வைகாசி மாதம் எல்லாரும் அரைக்கால்சட்டையோடு திரிந்த வெக்கைநாளில் வந்த உச்சக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். குளிர்நாள்தான் கூட! "குளிரை நீங்கள் இவ்வளவு காலமும் எதிரி எண்டு நினைச்சியள், அது எங்கடை சினேகிதன்" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன். மண்டபம் கைதட்டியது. நோர்வேக்காரர் சும்மா கைதட்டமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லா அடுக்குமாடிகளின் தெற்குச் சுவருக்கும் பனல் போடத் தீர்மானம். முதல் கை தூக்கியது யார்? ஸ்ரீதரன்! "எங்கடை பக்கச் சுவருக்கு முதல் போடுங்கோ அக்கா" என்கிறார். ஓலாவ் வந்து என் கையைப் பிடித்து, "டு ஹாடெ ரெட், நீ சொன்னதுதான் சரி" என்றார். தலையை ஆட்டவே இல்லை. அடுத்த தவணைக்கு உபதலைவி நான்தான்.

ஆகையால் அத்தான், நீங்கள் இனி ஒஸ்லோ வரும்போது, அந்த விருந்துக்கு வந்த அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட்டுக் கோழி காய்ச்சித் தருகிறேன். நீங்கள் எழும்பி நின்று, "மீன் பெட்டிக்கை மாம்பழம் இருந்தது" என்று ஒரு வசனம் சொன்னால் போதும்.

அக்காவுக்கு என் அன்பு முத்தங்கள். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். புனித அந்தோனியார் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், பிறர் சொல்வதைக் கேட்கும் பொறுமையையும் தருவாராக.

இப்படிக்கு,
வெற்றியோடு,
மச்சாள் அருள்நாயகி

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது அக்கா தொலைபேசி எடுத்தா. வாய் தவறி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அக்கா சிரித்த சிரிப்பில் ஞானரட்ணம் எழும்பி வந்துவிட்டார். "அடியே, உன்ரை அத்தான் முதல் நன்மை விருந்துக்கு முந்தின வருஷமே எங்கடை வீட்டுச் சுவரிலை பனல் பூட்டிப்போட்டார்! சொன்னா நீயும் போடுவாய் எண்டுதான் அண்டைக்கு அப்பிடிக் கதைச்சவர். இப்ப எங்களுக்குச் சூரியன் மறையிறதே இல்லையெல்லோ, நடுச்சாமத்திலையும் கரண்ட் வருது. மனிசன் நித்திரை கொள்ளாமல் பக்கத்திலை கதிரை போட்டுப் பாத்துக்கொண்டிருக்குது" என்கிறா. அத்தான், மேலே எழுதியது ஒன்றையும் வாசிக்க வேண்டாம். வாசித்திருந்தால் மறந்துவிடுங்கள். நடுச்சாமத்தில் எவ்வளவு காட்டுகிறது என்று மட்டும் எழுதுங்கள். எங்களுடையதைவிடக் கூடவென்றால் எழுதவே வேண்டாம்.