நாளைய காருக்குள் ராஜா

ஒரு காட்டில் சாலையே கிடையாது. ஆனால் ஓட்ட ஆளே வேண்டாம், சாலையே ஓட்டிச்செல்லும் என்று விளம்பரம் செய்த கார் ஒன்று அங்கே வந்து இறங்கியது. எழுபது வருடங்களுக்கு முன்பு அமெரிக்காவில், கண்காட்சி மேடையில் வைத்துச் சுற்றுவதற்காகவே செய்த 'நாளைய கார்' அது. அங்கே அந்த நாளை வந்து, போய், பழசாகியும் விட்டது. அதனால் என்ன, நம் காட்டுக்கு இன்னும் வரவில்லையே என்று சிங்கராஜா அதை வாங்கிப்போட்டு, ஒரு கண்காட்சியும் வைத்தார்.

காரின் பின்பக்கம் சுறாவின் துடுப்பு போல இரண்டு இறக்கைகள். நடுவில் ராக்கெட் மாதிரி ஒரு புகைவாய். கூரைக்குப் பதில் கண்ணாடிக் குமிழி. ஸ்டியரிங் இல்லை, கதவுக்குக் கைப்பிடி இல்லை, எல்லாமே பொத்தான். ஒரு சொட்டு மழை பட்டால் போதும், குமிழி தானாக மூடிக்கொள்ளும். எஞ்சின் மட்டும்தான் வைக்கவில்லை.

கண்காட்சி முடியும்வரை வேறு வண்டிவாகனம் எதுவும் கண்ணில் படக்கூடாது என்று உத்தரவு. வெளிக்காட்டு விருந்தாளிகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? எல்லாரையும் ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய் விடுகிற எருமைகளைக் கட்டிப்போட்டு, முன்னால் கீற்றுத் தட்டி வைத்து மறைத்தார்கள்.

அன்றைக்கென்று பார்த்து, செவந்தி என்கிற முயலின் கணவன் மருதன் கண்ணியில் மாட்டிக் காலைக் கிழித்துக்கொண்டான். வைத்தியர் ஆமை இருப்பது அக்கரையில். அவர் கிளம்பி வருவதென்றால் வருவதற்குள் பொங்கல் வந்துவிடும். 'பொழுது சாய்வதற்குள் கொண்டுவா. தாமதித்தால் காலை எடுக்கவேண்டி வரும்' என்று காகத்திடம் சொல்லியனுப்பிவிட்டார்.

செவந்தி கணவனை ஒரு பாளையில் கிடத்தி இழுத்துக்கொண்டு நேராகக் கண்காட்சிக்கு வந்தாள். மேடையில் கார் சுற்றிக்கொண்டிருந்தது. திறந்த குமிழிக்குள் உட்கார்ந்து ராஜா கையாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மைக்கோடு அமைச்சர் நரியார், ஒரு சொட்டுப் பட்டாலே மூடும் குமிழியைப் பற்றி அளந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு எருமையை அவிழ்த்துவிடுங்க. அக்கரைக்குப் போகணும்."

"எருமையா? நம்ம காட்டில் ஏதும்மா எருமை?" என்றார் நரியார். தட்டிக்குப் பின்னால் யாரோ கனைத்தார்கள்.

"சரி, அப்போ இந்தக் காரைக் குடுங்க."

"இது ஓடுற கார் இல்லை. இது ஒரு கருத்து."

"கருத்துக்குள்ளேயா ராஜா உட்கார்ந்திருக்காரு?"

"ஓடினா வெறும் கார்தானேம்மா. ஓடாம இருக்கிறதாலதான் இது எதிர்காலம்."

"என் வீட்டுக்காரருக்குக் கால் போகப்போகுது. உங்க எதிர்காலத்துல அவருக்கு எத்தனை கால், அதைச் சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. ராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அடுத்த வாரம் வரச்சொல்" என்றார்.

வழக்கமான கதையாக இருந்தால் இந்த இடத்தில் முயல் கண்ணீர் விடும், ராஜாவின் மனம் இளகும். செவந்திக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. பானகப் பந்தலில் இருந்த தண்ணீர் வாளியில் ஒரு காதை முக்கி எடுத்து, காரைப் பார்த்து ஒரு உதறு உதறினாள்.

விர்ரென்று குமிழி மூடிக்கொண்டது. அந்தக் காரில் உண்மையிலேயே வேலைசெய்த ஒரே வசதி அதுதான். திறக்கும் பொத்தான் வெறும் பெயிண்ட். அது நரியாருக்கு மட்டும் தெரியும்.

உச்சி வெயில். உள்ளே ராஜா வாயைத் திறந்து கர்ஜித்தார், சத்தம் மட்டும் வெளியே வரவில்லை. "ஒலி புகாத வசதி!" என்று நரியார் அறிவிக்க, விருந்தாளிகள் கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் பிடரி நனைந்து தொங்கியது. நாக்கும் தொங்கியது.

"உடைச்சிடுங்களேன்" என்றது ஒரு குரங்கு.

"கண்காட்சி இன்னும் முடியலைடா!" என்று அலறினார் நரியார். "அப்படியே வைத்தியர்கிட்ட கொண்டுபோங்க! எருமை எங்கே? எருமையைக் கூப்பிடுங்க!"

சற்றுமுன்வரை காட்டிலேயே இல்லாத எருமைகள் தட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தன. காரில் கயிறு கட்டும்போது மூத்த எருமை குனிந்து சொன்னது: "ஏண்டி செவந்தி, நிக்கிறியே? அந்த ரெண்டு இறக்கைக்கும் நடுவுல கட்டில் மாதிரி இடம் கிடக்கு. தூக்கிப் போடு உன் வீட்டுக்காரனை."

அமெரிக்கா முழுக்க எதற்கென்று யாருக்கும் புரியாத அந்த இறக்கைகள், எழுபது வருடம் கழித்து ஒரு முயல் உருண்டு விழாமல் பார்த்துக்கொண்டன.

ஆற்று நீர் பட்டுக் குமிழி குளிர்ந்ததும் ராஜா முனகினார். அக்கரையில் ஆமை இருவரையும் பார்த்தார். "ராஜா கண்ணாடிக்குள்ள இருக்காரு, எனக்குக் கை எட்டாது. எட்டுற ஆளை முதலில் பார்க்கிறேன்" என்று மருதனின் காலைக் கையிலெடுத்தார். பச்சிலை வைத்துக் கட்டி முடித்து, "கால் பிழைச்சுது" என்றார். அதற்குப் பிறகுதான் எருமை கொம்பால் ஒரு இடி இடித்துக் குமிழியை உடைத்தது.

ராஜா தள்ளாடி வெளியே வந்தார். "எவன் இதை மூடினது?"

எல்லாரும் செவந்தியைப் பார்த்தார்கள். அவள் நரியாரைப் பார்த்தாள்.

"மழைதான் ராஜா" என்றாள்.

வானத்தில் ஒரு மேகம் கிடையாது. நரியார் அந்தப் பெயிண்ட் பொத்தானை நினைத்துக்கொண்டார்.

"ஆமாம் ராஜா," என்றார், "நல்ல மழை."

நீதி: எதிர்காலம் தானாக நகராது. ஆள்பவரை அதற்குள் வைத்து மூடிவிடுங்கள். எருமை கட்டியாவது இழுத்து வருவார்கள்.