கால் முளைத்த கொசுவலை

வளைகுடாவுக்குப் பிழைக்கப் போனவர்கள் தங்கும் தேராவின் பழைய கட்டடத்து அறைகளில், எங்கும் எழுதப்படாத ஆனால் எவரும் மீறாத விதி ஒன்று உண்டு: பார்க்கும் வேலை இன்னதென்று ஊருக்குச் சொல்லக் கூடாது. வீடியோ அழைப்பு வந்துவிட்டால் அறையிலுள்ள அனைவரும் ஒருவரையொருவர் 'சார்' என்றே அழைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டின்படி, கயிற்றில் தொங்கியபடி கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைக்கும் அன்பரசன் ஊரைப் பொறுத்தவரை 'பில்டிங் இன்ஸ்பெக்டர்'. மசாலாக் கடையில் மூட்டை இறக்கும் கௌஸ் முகைதீன் 'எக்ஸ்போர்ட் ஆபீசர்'. மேடை உடைகள் தைக்கும் அருள்முருகன் 'டெக்ஸ்டைல் கம்பெனி மேனேஜர்'.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மேனேஜர் தரையில் மண்டியிட்டு, வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டிருந்தார்.

"தம்பி, மூச்சை விடாத. இடுப்பு உப்பினா தையல் பிரிஞ்சிரும்."

"மூச்சை விடாம எப்புடிண்ணே நிக்கிறது? கயித்துல தொங்கும்போதுகூட எனக்கு இவ்வளவு பயமில்ல."

அன்பரசனின் அரைக்கால் சட்டைக்கு மேலே, வெண்ணிற வலைத்துணியாலான ஒரு பாவாடை தட்டுப்போல் விரிந்து நின்றது. பாலே ஆடும் பெண்கள் அணியும் டூட்டு அது. மாலையில் அரங்கேற்றம், கடையிலோ மின்சாரம் போய்விட்டது. "அறைக்குக் கொண்டுபோய் முடிச்சிருங்க, யல்லா, சீக்கிரம்" என்று முதலாளி மக்தூம் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். உடையை மாட்டித் தைக்கும் பொம்மை டாக்சிக்குள் நுழையவில்லை. மெஸ் சாப்பாட்டின் புண்ணியத்தால் ஒரு நடனக்காரியின் இடுப்பை ஒத்த இடுப்பு அறையில் அன்பரசனுக்கு மட்டுமே வாய்த்திருந்தது.

கடையில் வேறு யார் தைத்தாலும் டூட்டு வாடிய கீரைக்கட்டாகத் தொங்கிவிடும். அருள்முருகன் தைத்தால்தான் தரைக்கு இணையாக நிமிர்ந்து நிற்கும். இந்தப் பெருமையை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. மேனேஜர் எப்படிச் சொல்வார்?

போன் அடித்தது. வீடியோ அழைப்பில் மனைவி மீனாம்பாள். அருள்முருகனின் இரு கைகளும் வலை அடுக்குகளுக்குள் சிக்கியிருந்ததால் கௌஸ் முகைதீன் எடுத்தார்.

"சொல்லும்மா தங்கச்சி. மேனேஜர் சார் மீட்டிங்ல இருக்காக."

"ஞாயித்துக்கிழமை என்னண்ணே மீட்டிங்? மாப்பிள்ளை வீட்டுலேருந்து வந்து உக்காந்திருக்காங்க."

அருள்முருகனின் வாயிலிருந்து ஊசி விழுந்தது. மகள் அருணாவுக்குப் பேசிக்கொண்டிருந்த இடம். மாப்பிள்ளையின் தகப்பனார் அழகுமலை, குவைத்தில் பேங்க் ஆபீசராக இருந்து ஓய்வுபெற்றவர். பெண்ணின் அப்பாவை முகம் பார்த்துப் பேசிய பிறகுதான் தேதி குறிப்பேன் என்று சொல்லியிருந்தார். அடுத்த வாரம் வரவேண்டியவர் இன்றே வந்து நிற்கிறார்.

"ஒளிடா" என்று பல்லைக் கடித்துச் சொன்னார் அருள்முருகன்.

அன்பரசன் கட்டிலுக்குப் பின்னால் குந்தினான். குந்தினால் அடங்கும் பொருளா அது? பின்பக்கம் தரையில் முட்டியதும், முன்பக்கம் மயில் தோகை போல எழுந்து அவன் முகத்தை மறைத்தது. பதறிப்போன கௌஸ் முகைதீன் போனைத் திருப்ப, கேமரா நேராக அங்கே போய் நின்றது.

"அது என்னண்ணே, வெள்ளையா?"

"கொசுவலைம்மா."

"கொசுவலைக்குக் கால் இருக்கே."

கால்கள் உள்ளிழுக்கப்பட்டன. நிலைகுலைந்த கொசுவலை கட்டிலோடு சரிந்து, "அய்யோ அண்ணே" என்றது.

"யாருங்க அது ரூமுக்குள்ள? பாவாடை கட்டிக்கிட்டு?" மீனாம்பாளின் குரல் மாறியது.

"பொம்பள இல்லம்மா, சத்தியமா நம்ம இன்ஸ்பெக்டர் சார்தான்" என்று காப்பாற்றப் பார்த்தார் கௌஸ் முகைதீன். அது காப்பாற்றவில்லை. ஊரில் கூடியிருந்தவர்கள் இப்போது இன்ஸ்பெக்டரைப் பார்க்க முண்டியடித்தார்கள்.

வேறு வழியின்றி அருள்முருகன் போனை வாங்கினார். "சாம்பிள். கம்பெனி சாம்பிள். மேனேஜர்ங்கிற முறையில நான் செக் பண்ணணும்."

திரையில் மீனாம்பாளை நகர்த்திவிட்டு அழகுமலையின் முகம் வந்தது. புருவம் சுருங்கியிருந்தது.

"மேனேஜர் சார், அதைக் கொஞ்சம் கிட்டக் காட்டுங்க."

அன்பரசன் எழுந்து வந்தான்.

"அந்தத் தம்பியை ஒரு சுத்துத் திரும்பச் சொல்லுங்க."

அன்பரசன் திரும்பினான். பாவாடை ஒரு முறை அலையடித்து அமைந்தது. அழகுமலை திரையை ஒட்டிக் குனிந்து பார்த்தார். சம்பந்தம் கைநழுவிவிட்டது என்பது அருள்முருகனுக்கு உறைத்தது.

நிலைமையைச் சீராக்க நினைத்த அன்பரசன் வாயைத் திறந்தான். "ஒண்ணும் இல்லீங்கய்யா. சும்மா வலைத்துணி. தூக்கிப் போடுறதுதான்."

"சும்மா வலைத்துணியா?" அருள்முருகனின் குரலில் அதுவரை இல்லாத கனம் ஏறியது. "என்னன்னு நெனச்ச? அந்தக் காலத்துல இந்தப் பாவாடை கணுக்காலுக்குக் கிட்ட வரைக்கும் இருந்துச்சு. கால் செய்யிற வித்தை சனங்களுக்குத் தெரியணும்னு, ஆடுறவங்க அதைக் கொஞ்சங் கொஞ்சமா மேல ஏத்துனாங்க. ஏறி ஏறி, கடைசியில இடுப்புல தட்டு மாதிரி நின்னுருச்சு. உலகத்துல எத்தனையோ உடுப்பு வந்துச்சு, போச்சு. இன்னைக்கும் இதைப் பாத்தா சின்னப் புள்ளைக வாயைப் பொளந்துட்டு நிக்குது. அடி அடுக்கு சின்னது, மேல போகப் போகப் பெரிசு, நடுவுல கம்பி வளையம். இதை நிமித்தி நிக்க வைக்க எனக்கு ஒரு வருசம்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எங்க கம்பெனி ஆளுக்கு ஒரு வருசம் ஆச்சு."

"ஏங்க," என்றாள் மீனாம்பாள் மெதுவாக, திரைக்கு வெளியிலிருந்து. "மேனேஜர் விரல்ல எதுக்குங்க தையக்காரங்க போடுற குப்பி?"

அருள்முருகன் விரலை மடக்கினார்; காலம் கடந்திருந்தது. அருணாவின் முகத்தைத் திரையில் தேடினார், தென்படவில்லை. அன்பரசன் ஓசைப்படாமல் டூட்டுவைக் கழற்றி, சுவரிலிருந்த ஆணியில் இடுப்புப் பட்டையை மாட்டப் போனான்.

"ஏய், தம்பி, நில்லு" என்று அதட்டினார் அழகுமலை. திரையே அதிர்ந்தது. பிறகு சுற்றி அமர்ந்திருந்த தம் உறவினர்களை ஒருமுறை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதைக் குப்புறத் தொங்கவிடச் சொல்லுங்க சம்பந்தி, இல்லாட்டி சாயங்காலத்துக்குள்ள குடை மாதிரி சரிஞ்சிரும், குவைத்துல அப்பாசியா லாண்டரியில சர்வீஸ் பூரா நான் இதைத்தான் தேச்சுக்கிட்டு இருந்தேன்."